தஞ்சாவூரில் ஒரே நாள்: கலைக்கூடமும் அரண்மனையும் பெரிய கோயிலும், எதை எப்போது பார்ப்பது?

கேள்வி: எழும்பூர்வாசி

வணக்கம். பங்குனியில் ஒரு புதன்கிழமை நானும் மனைவியும் தஞ்சாவூர் வருகிறோம். உழவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை இறங்கி, அன்று இரவே திரும்பும் வண்டியைப் பிடிக்க வேண்டும். மனைவி படம் வரைவார். அவருக்கு அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகள்தான் முக்கியம், எனக்குப் பெரிய கோயில். போட்டிருக்கும் திட்டம் இது: காலை எட்டு வரை லாட்ஜில் ஓய்வு, பத்து மணிக்குப் பெரிய கோயில், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கலைக்கூடம், அங்கிருந்து சரஸ்வதி மகால் நூலகம், நேரம் மிச்சமிருந்தால் திருவையாறு. இது சரிவருமா? கலைக்கூடத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? வழிகாட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா? ஒரு சின்ன தஞ்சாவூர் ஓவியம் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

பதில் 1: கீழவாசல்

சார், திட்டத்தை அப்படியே தலைகீழாகப் போடுங்க. முதல்ல கிழமையை மாத்துங்க, புதன்கிழமை சரஸ்வதி மகாலுக்கு விடுமுறை. வியாழன் வந்தா அது தீர்ந்துது. பஞ்சாங்கத்துல அன்னைக்குப் பிரதோஷம் இல்லையான்னும் பாத்துக்குங்க. பிரதோஷத்தன்னைக்குச் சாயங்காலம் நாலரைலேர்ந்து நந்தி அபிஷேகத்துக்குக் கூடுற கூட்டத்துல, படம் வரையறதை விடுங்க, நிக்கவே இடம் கிடைக்காது. சாமி கும்பிடத்தான் வர்றீங்கன்னா அதைவிட நல்ல நாள் கிடையாது, அது வேற கணக்கு.

பத்து மணிக்குப் பெரிய கோயில்ங்கிறதுதான் இதுல பெரிய தப்பு. செருப்பை வெளியில விட்டுட்டு, ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம் உள்ள கல் முற்றத்துல வெறுங்காலோட நடக்கணும். பங்குனியில பத்தரைக்கெல்லாம் கல்லு சுட ஆரம்பிச்சிடும். அப்புறம் நாலு மணி வரைக்கும் நிழலுக்கு நிழல் ஓடத்தான் தோணும், நின்னு எதையும் பாக்க முடியாது. பன்னிரண்டரைக்குச் சன்னதியும் நடை சாத்திடுவாங்க, மறுபடி திறக்க நாலு மணி ஆகும்.

அதனால கோயிலை ரெண்டா பிரிங்க. காலையில ஆறே முக்காலுக்கு உள்ளே போயி எட்டரைக்கு வெளியே வந்துடுங்க. டிபன் முடிச்சு பத்து மணிக்கு அரண்மனை. கலைக்கூடத்தை ஒரு மணிக்குள்ள முடிக்கிற மாதிரி வைங்க, சாப்பாட்டு இடைவேளைத் தொல்லை இருக்காது. மகாலைச் சாப்பாட்டுக்கு முன்னாடியோ பின்னாடியோ பாத்துக்கலாம். வெயில் உச்சியில இருக்கறப்ப அறையில ரெண்டு மணி நேரம் படுங்க. நாலரைக்குத் திரும்ப கோயில். இருட்டினதும் விமானத்துக்கு விளக்கு போடுவாங்க, அதையும் பாத்துட்டு ஸ்டேஷன் போனாப் போதும்.

லாட்ஜுக்குப் போன் பண்ணும்போது ஒரே கேள்வி கேளுங்க: 24 மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா? பன்னிரண்டு மணிக் கணக்குன்னா விடியற்காலை வர்றவங்ககிட்ட ரெண்டு நாள் வாடகை கேப்பாங்க. ஸ்டேஷன் பக்கமே அறை எடுத்தா கோயிலுக்கு ஒன்றரை கிலோமீட்டருக்குள்ளதான், நடந்தே போயிடலாம். கோயில்லேர்ந்து அரண்மனைக்கு ஆட்டோ. ஏறும் முன்னாடியே பேசி முடிச்சிடுங்க. ஊருக்கு வெளியே இருக்கற புது பஸ் ஸ்டாண்டையும் ஊருக்குள்ள இருக்கற பழைய பஸ் ஸ்டாண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க, உங்களுக்கு வேண்டியது பழையது.

திருவையாறு பதிமூணு கிலோமீட்டர்தான், ஆனா இந்த நாள்ல அதுக்கு இடம் இல்லை. அசோகா அல்வாதான் காரணம்னா அது தஞ்சாவூரிலயே கிடைக்கும்.

பதில் 2: மெழுகுக்கரு

கலைக்கூடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1951இல் தொடங்கியது. வாசல் கீழராஜ வீதியில் இருக்கிறது. அரண்மனை ஒரே வளாகம்தான் என்றாலும் கலைக்கூடம், மராட்டா தர்பார், சரஸ்வதி மகால், அரச குடும்பத்து அருங்காட்சியகம் எல்லாம் வேறு வேறு நிர்வாகம், சீட்டும் வேறு வேறு. எந்தச் சீட்டுக்கு எது அடங்கும், கேமராவுக்கும் கைபேசிக்கும் என்ன விதி என்பதைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். சில்லறை கையில் இருக்கட்டும். வரைவதற்குப் பென்சிலும் சிறிய நோட்டும் போதும். காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். மை, வண்ணம், மடக்கு நாற்காலி எதுவும் வேண்டாம்.

நேரம் இரண்டரை மணி. ஆனால் அதை எல்லாச் சிலைகளுக்கும் சமமாகப் பங்கு போட்டால் ஒன்றுமே மனதில் நிற்காது. கல் சிற்பங்களை இருபது நிமிடத்தில் கடந்துவிடுங்கள். செப்புத் திருமேனிகளிலும் திருவெண்காட்டிலிருந்து வந்தவற்றைத் தேடிப் பிடித்து அங்கே உட்காருங்கள்.

முதலில் ரிஷபவாகன தேவர், அதாவது காளையோடு நிற்கும் சிவன். கல்வெட்டுப்படி தேவர் 1011, தேவி 1012. அதாவது பெரிய கோயில் முடிந்த சூட்டோடு வார்த்தவை. சுமார் ஒரு மீட்டர் உயரம். இரண்டே கை, நான்கு அல்ல. காலை மாற்றிப் போட்டு, ஒரு கையை மடக்கிக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார், ஆனால் காளை இல்லை, அது கிடைக்கவில்லை. வெறும் காற்றின் மேல் அந்தக் கை எவ்வளவு பாரத்தோடு கிடக்கிறது என்பதைத்தான் உங்கள் மனைவி வரைய வேண்டும். மணிக்கட்டுக்குக் கீழே விரல்கள் தளர்ந்து தொங்கும் விதம் கைக்கு வந்துவிட்டால் மீதி உடம்பு தானாக வரும். தலையில் இருப்பது தலைப்பாகை போலத் தெரியும், துணி என்று நினைத்துவிடாதீர்கள். சடையைச் சுற்றிக் கட்டியது அது, ஊடே பாம்புகள் நெளிவதைப் பக்கவாட்டில் நின்றால் பார்க்கலாம். முன்னாலிருந்து மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறவர்களுக்கு இது தப்பிவிடும்.

அடுத்தது கல்யாணசுந்தரர், தம்பதியாகப் போகிறவர்கள் விடக்கூடாதது. சிவன் பார்வதியின் வலக்கையைப் பிடிக்கிறார், திருமால் தாரை வார்க்கிறார், உடன் திருமகள். பார்வதியின் தலை எவ்வளவு குனிந்திருக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் கூடியிருந்தால் நாடகம், கொஞ்சம் குறைந்திருந்தால் வெறும் நிலை. பிறகு பிட்சாடனர், பிச்சை ஏற்க வரும் சிவன்: இடுப்பில் பாம்பு, காலில் பாதக்குறடு.

எந்தச் சிலையின் முன் நின்றாலும் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, பீடம். அதில் துளைகளோ வளையங்களோ இருக்கும். தண்டு கோத்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவதற்கு. இவை உற்சவர்கள், வீதியில் அசைந்து வருவதற்காகச் செய்தவை. இரண்டு, முகம். மூக்கும் கன்னமும் மழுங்கியிருந்தால் அது சிற்பியின் குறை அல்ல, பல நூறு ஆண்டு அபிஷேகத்தின் தேய்மானம். மூன்று, முழங்காலும் தோளும். சோழர் காலத்தின் முற்பகுதியில் தசை உருண்டு வழிந்து அடுத்த உறுப்பில் சேரும். காலம் பிந்தப் பிந்த முழங்கால் சில்லு தனியாகப் புடைக்கும், மூக்கு கூராகும், நகைகள் கூடும். பெயர்ப்பலகையை மறைத்துக்கொண்டு எந்தக் காலம் என்று ஊகித்துவிட்டுப் பிறகு சரிபாருங்கள். பத்துச் சிலையில் கண் பழகிவிடும்.

கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றுக்கு எதிரொளி தொல்லை கொடுக்கும். நேராக நிற்காமல் ஓரமாக நகர்ந்து கண்ணாடியைச் சாய்வாகப் பாருங்கள். படம் எடுக்க அனுமதி இருந்தாலும் ஃபிளாஷ் வேண்டாம். உலோகத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து உருவத்தைத் தட்டையாக்கிவிடும்.

அதே வளாகத்தில் நாயக்கர் தர்பார் மண்டபத்தில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் பளிங்குச் சிலை இருக்கிறது. ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செய்தது. செம்பைப் பார்த்துப் பழகிய கண்ணோடு உடனே அதைப் பாருங்கள், இரண்டு மரபுகளின் வித்தியாசம் எந்தப் புத்தகத்தையும் விடத் தெளிவாகத் தெரியும். திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். கலைக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள்.

எழும்பூர்வாசி

இருவருக்கும் நன்றி. வியாழனுக்கு மாற்றிவிட்டேன், பிரதோஷம் இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். மெழுகு வார்ப்பு என்கிறார்களே, அதன் அடையாளம் சிலையில் தெரியுமா? கோயிலுக்குள் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பார்க்க வழி உண்டா?

பதில் 3: மெழுகுக்கரு

பிசிறு, ஒட்டு என்று எதுவும் தெரியாது, செதுக்கி எடுத்துவிடுவார்கள். ஆனால் வேலை நடக்கும் விதம் தெரிந்தால் கண் வேறு மாதிரி பார்க்கும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருக்கி, அந்தக் கலவையில் நகை, மடிப்பு, விரல் நகம் வரை முழு உருவத்தையும் முதலில் செய்வார்கள். அதன் மேல் நைசான வண்டல் மண்ணை மெல்லிதாகப் பூசி நிழலில் காய விட்டு, பிறகு சற்றுக் கரடான மண், அதன் மேல் கம்பிக்கட்டு, மறுபடி மண். முதல் பூச்சு வெயிலில் காய்ந்தாலோ தடித்துப்போனாலோ வெடிப்பு விழும். அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து சிலையின் மேல் கோடாக நிற்கும். சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். மெழுகின் எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல் உலோகம் பிடிக்கும். வார்ப்பு ஆறியதும் அச்சை உடைத்தாக வேண்டும், ஆகவே ஒரு கருவுக்கு ஒரு சிலைதான்.

சோழர் வேலையில் நுணுக்கத்தின் பெரும் பகுதி மெழுகிலேயே முடிந்துவிட்டது. இன்றைய சுவாமிமலைப் பட்டறைகளில் வார்த்த பிறகு உளியால் செதுக்கும் வேலை அதிகம். ஆபரணத்தின் விளிம்பைப் பாருங்கள்: மெழுகில் செய்தது மிருதுவாக உருண்டிருக்கும், உளி வெட்டியது கூராக மின்னும். பட்டறையை நேரில் பார்க்க வேண்டுமானால் கும்பகோணம் பக்கம் இன்னொரு நாள் வையுங்கள்.

பதில் 4: திருச்சுற்று

ஓவியங்களுக்கு வழி இல்லை. கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடைவழியில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்தவை அவை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. மேல்தளத்து நடன கரணச் சிற்பங்களும், அதாவது ஆடல் நிலைகளைக் காட்டும் சிற்பங்களும், அப்படித்தான். 108இல் 81 மட்டும் செதுக்கியிருக்கிறது, மீதி வெறும் கல். "நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்" என்று யாராவது வந்தால் பணம் கொடுக்காதீர்கள். தெற்குத் திருச்சுற்று மாளிகையில் தொல்லியல் துறையின் சிறிய காட்சிக்கூடம் ஒன்று உண்டு, ஓவியங்களின் படங்களை அங்கே பார்த்துக்கொள்ளலாம். மற்ற திருச்சுற்றுகளில் சுவரோடு தெரியும் ஓவியங்கள் பிற்காலத்தவை. சோழர் ஓவியம் என்று மயங்க வேண்டாம்.

காலை முறைக்கும் மாலை முறைக்கும் வேலையைப் பிரித்துச் சொல்கிறேன். கோயில் கிழக்கு பார்த்தது. காலையில் வெயில் முன்பக்கம் விழும். கேரளாந்தகன் திருவாசல், ராஜராஜன் திருவாசல், நந்தி, விமானத்தின் முகப்பு எல்லாவற்றுக்கும் அதுதான் வெளிச்சம். ராஜராஜன் திருவாசலில் நிற்கும் இரண்டு பெரிய துவாரபாலகர்களுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். காலையில் விமானத்தின் நிழல் மேற்கே விழுவதால் பின்புறம் கால் சுடாது. மாலையில் எல்லாமே மாறும்: முன்னால் நின்றால் விமானம் கறுத்துத் தெரியும், தென்மேற்கு மூலைக்குப் போனால் கல் சிவந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று உங்களிடமும் சொல்வார்கள். மாலை ஐந்து மணிக்கு அந்த நிழலிலேயே நின்றுகொண்டு கேளுங்கள், காலுக்கு இதமாக இருக்கும். உச்சிக் கல் ஒரே கல், எண்பது டன் என்பதும் அப்படித்தான். சிகரம் பல கற்களை இணைத்துக் கட்டியது. நந்தி ஒற்றைக் கல், அது உண்மை. ஆனால் ராஜராஜன் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதியும் சுப்பிரமணியர் சன்னதியும் பின்னால் வந்தவையே. சுப்பிரமணியர் சன்னதியின் வெளிச்சுவரை அருகில் போய்ப் பாருங்கள், மரத்தில் இழைத்த மாதிரி இருக்கும். விமானம் சுமார் 216 அடி, 13 நிலை. இவ்வளவும் தெரிந்திருந்தால் வழிகாட்டி தேவையில்லை. வைப்பதானால் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

கலைக்கூடம் பார்த்த பிறகு மாலையில் கோயிலுக்கு வருவதில் ஒரு லாபம் இருக்கிறது. விமானத்தின் வடபுற அதிட்டானத்துக்கு, அதாவது அடித்தளத்துக்குப் போங்கள். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்ன கல்வெட்டு அங்கேதான். அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி கிடையாது. ட, ப, ம போன்றவை ஓரளவு அடையாளம் தெரியும், ஸ்ரீ வருமிடமும் பிடிபடும். 25ஆம் ஆட்சியாண்டு 275ஆம் நாள் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்ததும் இங்குள்ள கல்வெட்டில் வருகிறது, அது 1010ஆம் ஆண்டு.

அடிச்சுவர் முழுக்க ஓடும் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் இருக்கிறது, அறுபதுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் "பாதாதிகேசாந்தம்", அதாவது பாதம் முதல் முடி வரை, இத்தனை முழம் இத்தனை விரல் என்று உயரம் சொல்லி, எத்தனை ஸ்ரீஹஸ்தம் (திருக்கை), கனமாக வார்த்ததா என்பது வரை எழுதியிருக்கிறார்கள். நகைக்குப் பொன் நிறுத்தபோது எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும் உண்டு, அந்தக் கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். அந்தத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவை இப்போது இல்லை. காலையில் நீங்கள் பார்த்த சிலையைப் போன்றவற்றுக்கு எழுதிய ரசீதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டை விரலால் தடவவோ சாக்பீஸ் போடவோ கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளம் நிழல் கட்டித் தெரியும், நேராக அடித்தால் மறைந்துவிடும். முக்காலி வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

பதில் 5: டிகிரி காப்பி

ஒருத்தரும் சர்ச்சைப் பத்திச் சொல்லலையே! கோயிலுக்கு வடக்கே சிவகங்கைப் பூங்கா, அதை ஒட்டி ஸ்வார்ட்ஸ் சர்ச், 1779ல கட்டினது. மரணப்படுக்கையில இருக்கற பாதிரியார் ஸ்வார்ட்ஸோட கையைச் சரபோஜி பிடிச்சிருக்கற பளிங்குப் புடைப்புச் சிற்பம் உள்ளே இருக்கு. அரண்மனையில சரபோஜி சிலை செஞ்ச அதே ஃபிளாக்ஸ்மன் வேலை. பூட்டியிருந்தா பக்கத்துல கேளுங்க, கால் மணி நேரம் போதும். காலையில கோயில் முடிச்சு டிபனுக்குப் போற வழியிலயே வச்சுக்குங்க.

டிபன்ல இட்லிக்குக் கடப்பா இருக்கான்னு கேளுங்க. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, இந்தப் பக்கத்துச் சமாசாரம். தினம் போடமாட்டாங்க, பெரும்பாலும் ஞாயித்துக்கிழமைதான். வியாழன்ல கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்.

சரஸ்வதி மகால்ல காட்சிக்கூடம் மட்டும்தான் பொதுமக்களுக்கு, சுவடி அறைக்குள்ள விடமாட்டாங்க. மனுஷ முகத்தையும் மிருக முகத்தையும் ஒப்பிட்டு பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ரன் வரைஞ்ச படங்கள் அங்க இருக்கு. படம் வரையறவங்க அதை விடக்கூடாது. முக்கால் மணி நேரம். கேமரா கூடாது.

பதில் 6: பலாப்பலகை

ஓவியம் வாங்குவதைக் கடைசியில் வையுங்கள், ஆனால் இருட்டிய பிறகு வேண்டாம். டியூப்லைட்டில் எல்லா ரேக்கும் (ஓவியத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) தங்கமாகத்தான் தெரியும். மதிய ஓய்வு முடிந்து கோயிலுக்குப் போகும் முன் அரை மணி நேரம் சரியாக இருக்கும். ஓவியத்தைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசல் தங்க ரேக்கு சாய்க்கச் சாய்க்க மெதுவாக ஒளி மாறும். போலி எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரி பளபளக்கும், செம்மஞ்சள் அடிக்கும், சில வருடத்தில் கறுக்கும். நகத்தால் சுரண்டிச் சோதிக்காதீர்கள், அசலும் கெட்டுப்போகும். 22 காரட் ரேக்கு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் விடை தெரிந்துவிட்டது.

பிறகு மக்கு வேலை. சுண்ணப் பொடியும் பசையும் குழைத்து நகையும் தூணும் மேடாக எழுப்பி, கல் பதித்து, அதன் மேல்தான் ரேக்கு ஒட்டுகிறார்கள். முகமும் உடலும் கடைசியில்தான் வண்ணம் பெறும். மேடு சீராக இருக்கிறதா, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு உண்டா, கல்லைச் சுற்றிப் பசை வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மக்கு சரியாகக் காயாமல் ரேக்கு ஒட்டியிருந்தால் வெடிப்பு வரும், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. முன்பு பலாப்பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, பின்பக்கம் வளையாமல் இருந்தால் போதும். முகத்தின் கண்ணைப் பாருங்கள். மற்றதெல்லாம் உதவியாள் செய்திருந்தாலும் கண் தேர்ந்த கையின் வேலை, அதில் அவசரம் தெரிந்தால் வேறு படம் கேளுங்கள்.

ரயிலில் கொண்டுபோக 10க்கு 12 அங்குலம் அளவு சௌகரியம். கண்ணாடி போட்ட சட்டமென்றால் நான்கு மூலைக்கும் தெர்மோகோல் வைத்துக் கட்டச் சொல்லி, படுக்க வைக்காமல் நிற்க வைத்துக் கொண்டுபோங்கள். வீட்டில் ஈரம் வாங்கும் சுவரில் மாட்டாதீர்கள்.

விலை அதிகமாகப் பட்டால் தலையாட்டி பொம்மை இருக்கவே இருக்கிறது. இரண்டு வகை. அடி உருண்டது களிமண் பாரத்தால் நிமிர்வது. கடையிலேயே தரையோடு சாய்த்து விட்டுப் பாருங்கள், நேரே எழ வேண்டும். ஒரு பக்கமாக நின்றுவிட்டால் பாரம் நடுவில் இல்லை. ஆடும் நாட்டியக்காரி வகையில் பாவாடை, உடம்பு, தலை எல்லாம் தனித்தனித் துண்டு, கம்பி முனையில் உட்கார்ந்து ஆடும். கழற்றித் துணியில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும், கோத்தபடியே பையில் போட்டால் கழுத்து உடையும். பேரம் பேச விருப்பமில்லை என்றால் அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையத்தில் அட்டை விலைக்கே வாங்கலாம்.

எழும்பூர்வாசி

எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டோம். காலையில் கோயில், சர்ச், அரண்மனை, மகால், மதியம் அறை, பிறகு கடை, மாலையில் வடபுறச் சுவர். ஒன்று மட்டும்: ரிஷபவாகனரை உட்கார்ந்து வரைய எந்தப் பக்கம் நல்லது?

பதில் 7: மெழுகுக்கரு

காளை மேல் சாய்ந்த கை இருக்கும் பக்கம், முக்கால் முகம் தெரிகிற மாதிரி. அங்கிருந்து பார்த்தால்தான் கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வடிவமாகத் தெரியும். முதலில் அந்த வெற்றிடத்தை வரையச் சொல்லுங்கள், பிறகு கை.